இருநூற்றறுபது மீட்டர்

மெயின்டனன்ஸ் ஹமீத் பாயை இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது வியாழக்கிழமை. மறுநாள் காலையில் பூங்குழலி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அவருடைய மகள் ஹுமேரா தையல் ஹாலுக்குப் போகிற பெண்களோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மற்ற நாளாயிருந்தால் நின்று, கையைப் பிடித்து, இன்னாக்கா இன்னிக்கு டப்பாவுல என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். பூங்குழலி செய்கிற முருங்கைக்கீரைப் பொரியல் என்றால் அவளுக்கு உயிர். அன்றைக்குத் திரும்பிப் பார்த்தாள், துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள், போய்விட்டாள்.

பூங்குழலிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தன் மேல் தப்பில்லை என்றுதான் நினைத்தாள். கேபிள் எங்கே அடிபட்டிருக்கிறது என்று மிஷின் வைத்துப் பார்த்துச் சொன்னது அண்ணன். அண்ணன் சொன்னதை அவள் ஆபீஸில் சொன்னாள். அதற்கு மேல் அவள் என்ன செய்தாள்?

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டினாற்போல் இருக்கிற ஷூ கம்பெனி அது. இந்தக் கோடியில் பழைய ஹால், அந்தக் கோடியில் புது ஹால். நடுவில் லாரி நிற்கிற மைதானம், தோல் குடோன், கழிவுத் தண்ணீர்த் தொட்டி, ஒரு வரிசை வேப்பமரம். கம்ப்யூட்டர், நெட்வொர்க், கேமரா, வருகைக்கு விரல் வைக்கிற பெட்டி எல்லாம் பூங்குழலியின் பொறுப்பு. டிப்ளமா முடித்த கையோடு வந்தவள். சர்வர் ரூம் சாவியைத் தாலிச்சரட்டில் கோத்துக்கொள்ளாத குறை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புது ஹால் கட்டினபோது, இரண்டு ஹாலையும் இணைக்க மண்ணுக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். வேலையை எடுத்தது அவள் அண்ணன் நவநீதன். பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் கேபிள் போடுகிறவன். குழி வெட்ட, இழுக்க அவனிடம் ஆள்கள் உண்டு. ஆனால் தலைமயிரைவிடச் சன்னமான அந்த இழைகளை முனையில் ஒட்டவைக்கிற வேலைக்கு ஒரே ஆள்தான், பூங்குழலியின் புருஷன் சம்பத். அண்ணனும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்ட தோஸ்துகள். அந்தச் சிநேகிதத்தில்தான் இந்தக் கல்யாணமே வந்தது. மேனேஜர் கலீமுல்லா அப்போது சிரித்துக்கொண்டே சொன்னார், எல்லாம் ஒரே வூட்டு ஆளுங்க, எதுனா ராங்கா போச்சுன்னா அலையாம ஒரே வூட்ல வந்து புடிச்சிக்கலாம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். பூங்குழலியும் சிரித்தாள்.

மூன்று வருஷம் ஒரு பேஜாரும் இல்லாமல் ஓடியது. இந்த வைகாசியில் புது ஹாலுக்கு ஒரு மிஷின் வந்து இறங்கியது. முழுத் தோலை மேசையில் விரித்தால் மேலிருந்து படம் எடுக்கும். உண்ணி கடித்த தடம், முள் கீறினது, சூடு போட்ட தழும்பு என்று ஒன்று விடாமல் கண்டுபிடிக்கும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எங்கே வெட்டினால் எத்தனை ஜோடி தேறும் என்று பழைய ஹாலில் இருக்கிற சர்வர் பார்த்துச் சொல்லும். படம் ஒவ்வொன்றும் அத்தனை கனம். அதனால் கேபிளின் இரண்டு முனையிலும் முன்னைவிடப் பத்து மடங்கு வேகத்தில் வெளிச்சம் அனுப்புகிற மாட்யூலை வாங்கி மாட்டினாள் பூங்குழலி. கேபிள் அந்த வேகத்துக்கென்றே வாங்கின ஓஎம் த்ரீ ரகம். முந்நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும். இங்கே இருப்பது இருநூற்றறுபதுதான்.

பச்சை விளக்கு எரிந்தது. படம் பாதி வந்து நின்றது. விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது. மாட்யூலை மாற்றினாள். முனைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். ஸ்விட்சையே மாற்றிப் பார்த்தாள். பழைய வேகத்துக்கு இறக்கினால் வாய்க்கால் தண்ணீர் மாதிரி போகிறது, ஏற்றினால் திக்கித் திணறுகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை இந்த மிஷினைப் பார்க்கவென்றே ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார்கள். கலீமுல்லா போகும்போதும் வரும்போதும் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணனைக் கூப்பிட்டாள். நவநீதன் டெஸ்ட் மிஷினோடு வந்தான், கூடவே சம்பத்தும். சம்பத் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். நவநீதன் திரையைப் பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான், கழிவுத் தொட்டி வரைக்கும் நடந்து போய் ஒரு இடத்தில் செருப்புக் காலால் தட்டினான். இங்கதான் அடி வாங்கியிருக்குது என்றான். அதற்குப் பக்கத்தில்தான் போன மாதம் மெயின்டனன்ஸ் ஹமீத் பாய் உடைந்த குழாயை மாற்றுவதற்குக் கடப்பாரை போட்டிருந்தார்.

பூங்குழலி ஒன்று கேட்டாள். கேபிள் அடிபட்டிருந்தால் பழைய வேகத்திலும் போகக்கூடாதே, அது எப்படிப் போகிறது என்று.

"கால்ல அடிபட்டவன் நடக்கறான் இல்ல பாப்பா," என்றான் நவநீதன். "ஓடச் சொன்னா ஓடுவானா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அண்ணன் சொன்னால் அவளுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும். அப்பா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் அவன் வாயைப் பார்த்து வளர்ந்தவள். கலீமுல்லாவிடம் போய் அப்படியே சொன்னாள். அந்த இடத்துக்கே ஹமீத் பாயைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எட்டடி தள்ளித்தான் வெட்டினேன், கேபிளு கண்ணுலகூட படல, அல்லா மேல ஆணை என்று அவர் அழுதார். மிஷினில் தெரிந்ததற்கு எதிராக ஆணைக்கு என்ன மதிப்பு? திங்கட்கிழமைக்குள் பூங்குழலி ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரைக்கும் ஹமீத் பாய் வர வேண்டாம், போட்டுவிட்டால் பிறகும் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்தக் கம்பெனி கேட்டுக்குப் பெயின்ட் அடித்த நாளிலிருந்து வேலை செய்கிற மனுஷன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் ஹுமேரா அவள் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், ஒன்னு கேக்கணும்."

"இன்னாடி புதுசா மேடம்ன்ற?"

"அக்கான்னு கூப்ட்டா கேக்க வாய் வராது. அதான்." கையில் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். "எங்க அப்பா வெட்டினது மிஷின்ல தெரிஞ்சுதுன்னு சொல்றாங்க. மண்ணுல தெரிஞ்சுதா?"

"மிஷின் பொய் சொல்லாது ஹுமேரா."

"நான் அத கேக்கல. தோண்டிப் பாத்தியான்னு கேட்டேன்."

பூங்குழலி டப்பாவை மூடினாள். தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டிப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை தோட்டத்து ஆள்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். ரிப்போர்ட்டுக்கு அடிபட்ட இடத்தைப் படம் எடுக்கணும் என்று கலீமுல்லாவிடம் சொல்லிக்கொண்டாள். மனசில் அப்படித்தான் நினைத்தும் இருந்தாள். வெயில் அடித்த அடியில் வேப்பமரத்து நிழலே சூடாகக் கிடந்தது. தொட்டியிலிருந்து கிளம்புகிற வாடைக்குத் தோட்டத்து ஆள்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் தட்டிக் காட்டின இடத்தில் மெதுவாகத் தோண்டினார்கள். முதலில் கீழே கேபிள் இருக்கிறது என்று எச்சரிக்கிற சிவப்பு நாடா வந்தது. கிழியாமல், மடங்காமல், போட்டபடியே இருந்தது. அதற்குக் கீழே கறுப்புக் கேபிள். ஒரு கீறல் இல்லை. ஹமீத் பாய் மாற்றின புதுக் குழாய் அந்தாண்டை எட்டடியில் இருந்தது.

பூங்குழலி குழியோரம் குந்தினாள். குடிக்கிற பாட்டில் தண்ணீரை ஊற்றித் துப்பட்டா முனையால் கேபிளைத் துடைத்தாள். அடிபட்ட இடம் வேறு பக்கத்தில் திரும்பியிருக்குமோ என்றுதான் துடைத்தாள். சேற்றுக்கடியிலிருந்து வெள்ளை எழுத்து வந்தது. ஒவ்வொரு மீட்டருக்கும் அச்சடித்து வருகிற எழுத்து. ஓஎம் த்ரீ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஓஎம் டூ என்று இருந்தது. இரண்டு கை தூரம் தள்ளித் துடைத்தாள். அங்கேயும் டூ.

இன்னாமா, கேபிளு சேதமா என்று கேட்டார் தோட்டக்காரர். இல்லைங்க, மூடிடுங்க என்றாள். மூட ஆரம்பித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

டூவுக்கும் த்ரீக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், சாயங்காலம் அந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றால் தெரியும். மணி அடித்ததும் பெண்கள் ஒரே கும்பலாக வெளியே வருவார்கள். ரோடு அகலம். ஒருத்தி நேராக விடுவிடென்று நடப்பாள், ஒருத்தி பூக்காரியிடம் நிற்பாள், ஒருத்தி அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்குமாகப் பேசிக்கொண்டே போவாள். கேட்டில் ஒன்றாகக் கிளம்பினவர்கள் ரயில்வே கேட்டுக்குப் போவதற்குள் நீளமாகச் சிதறிவிடுவார்கள். அடுத்த கும்பலை நிதானமாக விட்டால் வம்பில்லை. ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக ஜல்தி ஜல்தி விட்டால், முன்னால் போன கும்பலின் கடைசியும் பின்னால் வந்த கும்பலின் முதலும் கலந்துபோகும். யார் எந்த ஹால் என்று ரயில்வே கேட்டில் நிற்கிறவனுக்குத் தெரியாது. இந்த மாதிரிக் கேபிளில் வெளிச்சம் போவது அப்படித்தான். த்ரீயில் இழையைச் செய்யும்போதே சிதறாமல் ஒன்றாகப் போய்ச் சேரும்படி செய்திருப்பார்கள், அதனால் அந்த வேகத்தில் முந்நூறு மீட்டர் போகும். டூவில் எண்பத்திரண்டு மீட்டர். அதற்கு மேல் கும்பல் கலந்துவிடும். பழைய வேகத்தில் கும்பலுக்கும் கும்பலுக்கும் இடைவெளி அதிகம். அதனால்தான் மூன்று வருஷமும் ஒன்றும் தெரியவில்லை. யாரும் அதை ஓடச் சொல்லவில்லை.

இரண்டு ஹாலிலும் பெட்டியைத் திறந்தால் தெரிகிற முனைகள் மட்டும் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் பளபளவென்று இருந்தன. அந்த நிறம் த்ரீக்கு உரியது. முழ நீளத்து நல்ல இழையை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஒட்டிவிட்டு, நடுவில் மண்ணுக்குள் முழுக்க வேறு. தோல் மண்டியில் கட்டுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு நல்ல தோலாக வைத்து, கழித்ததையெல்லாம் நடுவில் திணித்துக் கட்டுவார்கள். அதனால்தான் வாங்க வருகிறவன் முதலில் கட்டின் நடுவே கையை விட்டு உருவிப் பார்ப்பான். ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. பூங்குழலி நடுவில் கையை விடவில்லை.

ஏன் விடவில்லை என்று குழியோரத்தில் குந்தியிருந்தபோது அவளுக்கு ஞாபகம் வந்தது. கேபிள் இழுக்கிறதற்கு முன்னால், அது சுற்றி வருகிற மர டிரம்மின் பலகையில் இருக்கிற எழுத்தைப் பார்த்து எழுதிக்கொள்வது அவள் வேலை. வேறு யார் வந்து போட்டிருந்தாலும் பார்த்திருப்பாள். அன்றைக்கு வந்தது அண்ணனும் புருஷனும் என்பதால் விடியலிலேயே எழுந்து பிரியாணி செய்து, கத்தரிக்காய்த் தொக்கு செய்து, தூக்குகளோடு போனாள். சோறு வைக்க இடமில்லை. நவநீதன் டிரம்மைப் படுக்கப் போட்டு, இந்தா பாப்பா மேஜ என்றான். எழுத்து இருக்கிற பலகையின் மேல் அவளே பேப்பரை விரித்தாள், அவளே இலையைப் போட்டாள், அவளே பரிமாறினாள். சம்பத்துக்கு லெக் பீஸ் தேடி வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் நேரமாச்சு நீ ஆபீஸுக்குப் போ என்றார்கள், போய்விட்டாள். வேலை முடிந்ததும் முனைகளின் நிறத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். சம்பத் வேறு வேலையாக வாலாஜாபேட்டை போயிருந்தான். நவநீதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணி கருவாட்டுக் குழம்பு ஊற்றி, வா பாப்பா தட்டு எடுக்கட்டுமா என்றாள். பூங்குழலி வேண்டாம் என்று சொல்லி, குழியைத் தோண்டினதைச் சொன்னாள். படித்த எழுத்தைச் சொன்னாள்.

நவநீதன் கருவாட்டு முள்ளை எடுத்து ஓரம் வைத்தான். மறுக்கவில்லை. அவன் மறுத்திருந்தால்கூடக் கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருந்திருக்கலாம். ஆர்டர் போட்ட டிரம்மு வரவேயில்லை என்றான். புது ஹால் திறக்க நாள் குறித்தாகிவிட்டது, ராணிப்பேட்டை வேலையில் மிஞ்சின டிரம்மு கையில் இருந்தது, இரண்டுக்கும் இழை ஒரே தடிமன், ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், வெளிச்சம் போகும். போச்சா இல்லியா, மூணு வருஷம் போச்சு இல்ல என்றான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல."

"சொன்னா நீ வுட்டிருப்பியா? பெரிய ஆபீசரு."

"சரி, போட்ட. இப்ப மிஷின் வெச்சுப் பாத்தியே, இன்னா தெரிஞ்சுது அதுல?"

"ஒன்னும் தெரியல. கேபிளு நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் ஏன் ஹமீத் பாய் பேர சொன்ன?"

"நான் எங்க பேர சொன்னேன்? எடத்தத்தான் காட்னேன்." தண்ணீரைக் குடித்தான். "அந்த ஆளுக்கு இன்னா, ஆம்பூர்ல வேற கம்பெனியே இல்லியா? நான் இந்த வேலைய எடுத்ததே உன்னால. இப்ப இது வெளிய போச்சுன்னா இந்தப் பக்கம் எவனும் எனக்கு ஒரு குழி வெட்டக் குடுக்க மாட்டான். யோசிச்சுப் பாரு. கையெழுத்து யாருது? உன்னுது. மொதல்ல போறது நீதான்."

"போனா போறேன்."

நவநீதன் சிரித்தான். கையைத் தட்டிலேயே கழுவினான். "போ. போயி உன் புருஷன்கிட்டயும் இதே மாதிரி கேளு. முனைய ஒட்டினது நானா? மேல் உறைய சீவாம எவனாலயும் ஒட்ட முடியாது. சீவறவன் கண்ணுக்குத்தான் அந்த எழுத்து மொதல்ல தெரியும். உனக்குத் தெரியாதா இது?"

தெரியும். குழியோரத்திலேயே தெரியும். அண்ணன் செய்தான் என்கிற வரைக்கும் வந்து, அதற்கு மேல் ஒரு அடி வைக்காமல் நேற்றிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

சம்பத் மூன்று மணிக்கு வந்தான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஒரு சொம்பு மோர் கேட்டான். பூங்குழலி மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கேபிள்ல எழுத்தப் பாத்தேன் என்று மட்டும் சொன்னாள். அவன் சொம்பை எடுக்கவில்லை.

மச்சான்தான் சொல்ல வேணாம்னாரு என்று ஆரம்பித்தான். புது டிரம்மு வந்ததும் ராவோட ராவா மாத்திடலாம் என்றாராம். வந்த டிரம்மு வேறு வேலைக்குப் போய்விட்டதாம். அப்புறம் நாள் போகப் போக, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டதாம். அவன் பேச்சில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மூணு வருஷமா பக்கத்துலதான படுத்திருந்தீங்க," என்றாள். "புது மாட்யூல் வாங்கப் போறேன்னு உங்ககிட்டதான மொதல்ல சொன்னேன். இந்த வாட்டி எல்லாரும் அசந்துடுவாங்கன்னு சொன்னேன். நல்லதுன்னீங்க."

"நான் நெனச்சேன், ஒருவேளை ஓடிடுமோன்னு."

"ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஹமீத் பாய் அழுதாரு. நீங்க மிஷினைப் புடிச்சிக்கினு நின்னீங்க."

சம்பத் அவள் கையைப் பிடித்தான். நாளைக்கு நானும் வர்றேன், நானே சொல்றேன், ஒட்டினது நான்தான்னு கலீமுல்லா சார்கிட்ட என் வாயால சொல்றேன், உனக்குத் தெரியாதுன்னு சொல்றேன் என்றான். ஹமீத் பாய் காலில் விழச் சொன்னாலும் விழுவேன் என்றான். அழுதான். பூங்குழலி அழவில்லை. வேலை போனால் போகட்டும், வீடு மிஞ்சும் என்று நினைத்தாள். சாயங்காலம் மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்ட்டு வந்துடறேன், இல்லாட்டி தப்பாய்டும் என்று கிளம்பினான். போய்ட்டு வாங்க என்றாள். திரும்பி வரும்போது பரோட்டா வாங்கி வந்தான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு நேராக வந்துவிடுவதாகச் சொன்னான். அவள் கம்பெனி பஸ்ஸில் போனாள். போனதும் கலீமுல்லா கூப்பிட்டனுப்பினார். சம்பத் வரட்டும் என்று சொல்லலாமா என யோசித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். டீ வந்தது.

"நேத்து சாயங்காலம் உங்க அண்ணனும் வீட்டுக்காரரும் என் வூட்டுக்கு வந்தாங்க," என்றார்.

பூங்குழலி டீயைக் கையில் எடுத்திருந்தாள்.

"கேபிளு வேறன்னு சொன்னாங்க. எல்லாம் சொன்னாங்க. நீங்க சொல்லித்தான் போட்டாங்களாம். திறப்பு விழா தேதிக்குள்ள முடிச்சுக் காட்டணும், ட்ரம்மு வர்ற வரைக்கும் நிக்க முடியாது, இருக்கறதப் போடு, நான் பாத்துக்கறேன்னு நீங்க சொன்னதா. ஹமீதக் காட்டச் சொன்னதும் நீங்கதான்னு."

"யாரு சொன்னது, எங்க அண்ணனா?"

"அண்ணன் ஜாஸ்தி பேசினாரு. அத நான் அப்படியே எடுத்துக்கல. அவரு வியாபாரி." கலீமுல்லா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் உங்க வீட்டுக்காரரத்தான் கேட்டேன். ஏம்பா சம்பத், நீ சொல்லு, பூங்குழலிமாவா இப்படிச் சொன்னாங்கன்னு. ஆமா சார்னாரு."

"தல குனிஞ்சுக்கினு சொன்னாரா?"

"இல்லம்மா. என்னப் பாத்துதான் சொன்னாரு."

வெளியே வெட்டுகிற ஹாலில் மிஷின்கள் அடிக்கிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பூங்குழலி நடந்ததைச் சொன்னாள். பிரியாணி கொண்டுபோனதைச் சொன்னாள். டிரம்மின் மேல் பேப்பர் விரித்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. கலீமுல்லா கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனுஷன்தான்.

"கட்டின புருஷனே ஆமான்னு சொல்லும்போது நான் யார நம்பறது, சொல்லுங்க?" என்றார். "நான் உங்கள நம்பறேன்னே வெச்சுக்குங்க. முதலாளிகிட்ட இன்னான்னு போய் சொல்லுவேன்?"

பூங்குழலி டீயை அப்படியே கீழே வைத்தாள். "ஹமீத் பாய் மேல தப்பில்லன்னு ஆயிடுச்சா சார்?"

"ஆயிடுச்சு. அவர வரச் சொல்லிட்டேன்."

"அது போதும். எழுதிக் குடுங்க, எங்க கையெழுத்து வேணுமோ போடறேன். எழுத்தப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான். அது பொய்யில்ல. சொல்லித்தான் போட்டாங்கன்றது பொய். அத மட்டும் எழுதாதீங்க, அதுக்குப் போட மாட்டேன்."

அவர் தலையாட்டினார். சாவியைக் கேட்கச் சங்கடப்பட்டார். அவளே எடுத்துக் கொடுத்தாள். நாளைக்கு பையர் வரும்போது பழைய வேகத்தில் ஓட்டினால் மிஷின் வேலை செய்யும், ஒரு தோலுக்கு நேரம்தான் ஜாஸ்தி பிடிக்கும், சூப்பர்வைசரிடம் சொல்லிடுங்க என்றாள். வேகத்தை இறக்கிவிட்டுத்தான் போவேன் என்று சர்வர் ரூமுக்குப் போய், அவர் பக்கத்தில் நிற்க, இறக்கிவிட்டாள். தோல் ஒன்றின் படம் நிதானமாக, முழுசாக வந்து நின்றது.

பத்து மணிக்கு சம்பத் வரவில்லை. அவளும் போன் செய்யவில்லை. பழைய ரிஜிஸ்டர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒப்படைத்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. ஹமீத் பாய் மத்தியானம் வந்துவிட்டார். அவரைப் பார்க்கப் போனாள். அவர் ஏணியில் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். மன்னிச்சுக்குங்க பாய் என்றாள். ஏணியிலிருந்து இறங்காமல், சரிம்மா என்றார்.

மணி அடித்தது. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். பூக்காரியிடம் சிலர், வேர்க்கடலை வண்டியிடம் சிலர். கேட்டுக்கு எதிர்ப்பக்கம், சோடாக்கடையருகே சம்பத் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவள் உட்காருகிற பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்து வைத்திருந்தான்.

பூங்குழலி அவன் எதிரில் போய் நின்றாள்.

"இன்னா ஆச்சு?" என்றான்.

அவள் வண்டியில் ஏறவில்லை.

"குழலி, மச்சான் சொன்னாரு, நீ பொம்பள, பழைய ஆளு, உன்ன மன்னிச்சுடுவாங்க, எங்க மேலன்னா கேஸ் போடுவாங்கன்னு. யோசிச்சுப் பாத்தா அதுவும் சரிதானேன்னு... நம்ம குடும்பத்துக்காகத்தான். ஏறு, வூட்ல போயி பேசிக்கலாம்."

"நான் சொல்லித்தான் போட்டன்னு சொன்னியாமே."

இத்தனை வருஷத்தில் அவள் அவனை வாங்க போங்க என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. சம்பத் சுற்றும் முற்றும் பார்த்தான். கடலை வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். அவர்களில் ஹுமேராவும் இருந்தாள்.

"மெதுவா பேசு. ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் சொன்னா நீ செய்வன்னு மேனேஜரு மூஞ்சப் பாத்து சொல்லியிருக்க. இப்ப மெய்யாலுமே சொல்றேன், கேட்டுக்கோ. சண்ட போட்டா பொண்டாட்டிதான் பொறந்த வூட்டுக்குப் போவா. இந்த தபா நீ போ. எங்க அண்ணன் வூட்டுக்குப் போ. அண்ணி கருவாட்டுக் குழம்பு நல்லா வெப்பாங்க. உன் துணிமணிய நாளைக்குக் காலைல குடுத்தனுப்பறேன்."

"குழலி..."

"போ."

ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பூங்குழலி ஏறி, விளிம்பில் இடம் பிடித்துக்கொண்டாள். கடைசி ஆளாக ஹுமேரா வந்தாள். பூங்குழலி கொஞ்சம் நகர்ந்தாள். ஹுமேரா உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய் முடிகிற வரைக்கும் ஆட்டோ நின்றது. கடலைப் பொட்டலத்தைப் பிரித்து ஹுமேரா இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.